இயந்திரத்துக்குக் குறிப்பு எழுதிய சீமாட்டி

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் ஒருவன், ஏதாவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுடா என்று கேட்டான். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. போன ஆறு மாதமாக எங்கள் ப்ராஜெக்ட் பேட்ச் நாலு பேரும் ஒரே ஒரு அம்மையாரின் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம். அவர் இறந்து 170 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் ஏடா லவ்லேஸ். கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் உடனே, தெரியுமே, உலகின் முதல் புரோகிராமர் என்பார்கள். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். எங்களுக்கு அவர் வேறு ஒரு வழியில் வந்து சேர்ந்தார். அந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் மானம் போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ப்ராஜெக்ட் இதுதான். சிமுலேஷன் சாஃப்ட்வேரை ஒரு ஏ.ஐ. ஏஜெண்டின் கையில் கொடுத்து ஓட்ட வைப்பது. இப்படி ஒரு பீம் இருக்கு, ஒரு முனை சுவரில் பதித்தது, மறுமுனையில் இவ்வளவு லோடு, எவ்வளவு வளையும் என்று நாம் சாதாரணமாகக் கேட்டால் போதும். ஏஜெண்டே மாடல் போட்டு, மெஷ் பண்ணி, சால்வ் பண்ணி, ரிப்போர்ட்டும் எழுதித் தரணும். சாஃப்ட்வேருக்குள் என்ன நடக்குது என்று ஏஜெண்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் நாம் ஒரு டூல் செய்து வைக்கிறோம். டூலுக்கு ஒரு பெயர், அது என்ன செய்யும், அதற்கு என்னென்ன கொடுக்கணும் என்று ஒரு விளக்கம். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்த டூலை எடுப்பது, அதில் என்ன எண்ணைப் போடுவது என்று அது முடிவு பண்ணும். கண்ணைக் கட்டிக்கொண்டு லேத்தில் நிற்பவனுக்குப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வாயால் சொல்வது மாதிரி.

நாங்கள் என்ன பண்ணினோம்? நாலு மாசம் கோடிங்கில் செலவழித்தோம். விளக்கங்களை மட்டும் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி, ஹாஸ்டலில் டீ குடித்துக்கொண்டே, ஆளுக்கு ஒரு வரியாகத் தட்டிவிட்டோம். மெட்டீரியல் டூலுக்கு எழுதியது நான்தான். யங் மாடுலஸ், பாய்சான் விகிதம் இரண்டையும் வாங்கி மெட்டீரியலைச் சேர்க்கும். அவ்வளவுதான், முற்றுப்புள்ளி!

மறுநாள் ரிவ்யூ. கேள்வி சின்னதுதான். 1000 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம் உள்ள ஸ்டீல் பட்டை, நுனியில் 500 நியூட்டன் லோடு. ஏஜெண்ட் கடகடவென்று ஓட்டி முடித்தது. பெண்டிங் ஸ்ட்ரெஸ் 93.75 மெகா பாஸ்கல். கையால் போட்ட கணக்கும் அதேதான். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அடுத்த வரியில் வளைவு 0.0000078 மி.மீ. என்று வந்தது. மிகவும் விறைப்பான வடிவமைப்பு என்று பாராட்டும் எழுதியிருந்தது.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 500 நியூட்டன் என்றால் எத்தனை கிலோ என்று கேட்டார். ஏறக்குறைய 51 கிலோ என்றோம். அப்படியானால் உங்களில் ஒருத்தன் அந்த நுனியில் தொங்கினாலும் அது ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வளையுமா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. சரியான விடை 7.81 மி.மீ.

தப்பு எங்கே? எங்கள் சால்வருக்கு அலகு என்பதே தெரியாது. வெறும் எண்களைத்தான் பார்க்கும். நீளம் மி.மீட்டரிலும் விசை நியூட்டனிலும் இருந்தால் யங் மாடுலஸ் மெகா பாஸ்கலில், அதாவது 2,00,000 என்று போகணும். ஏஜெண்ட் பாஸ்கலில் போட்டுவிட்டது, 20,000 கோடி! புத்தகத்தில் அப்படியும் இருக்கிறதே, அதன் மேல் என்ன குற்றம்? ஸ்டீல் பத்து லட்சம் மடங்கு விறைப்பாகிப் போனது. இந்த பீமில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் யங் மாடுலஸுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் அது மட்டும் சரியாக வந்து எங்களை ஏமாற்றியது. எந்த அலகு என்று நான் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆசிரியர் திட்டவில்லை. மறுநாள் பெரிய தாள் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வந்து மேஜையில் விரித்தார். 25 வரிசைகள் கொண்ட அட்டவணை. 1843-இல் அச்சானது. எந்த இயந்திரத்துக்காக எழுதப்பட்டதோ அந்த இயந்திரம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எழுதியவர் 27 வயதுப் பெண்மணி.

இனி அவர் கதை.

ஏடா 1815 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. ஊரே கொண்டாடிய கவிஞர், ஊரே தூற்றிய கணவர். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது தாய் அன்னபெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீடு போய்விட்டார். 1816 ஏப்ரலில் பைரன் இங்கிலாந்தை விட்டே போனார். 1824-இல் கிரேக்க நாட்டில் இறந்தார். மகளுக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் முகம் அவருக்கு நினைவே கிடையாது.

அம்மாவுக்கோ கணிதத்தில் பிரியம், கவிதை மேல் பயம். தகப்பனின் புத்தி மகளுக்கு வந்துவிடக் கூடாதே என்று சின்ன வயதிலேயே ஆசிரியர்களை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். (நம் வீடுகளில் கணக்குக்கு டியூஷன் வைப்பதற்கு இவ்வளவு பெரிய காரணம் இருந்ததில்லை!) ஆனால் கற்பனை எங்கே போகும்? 12 வயதில் ஏடா பறக்கும் இயந்திரம் செய்யப் போகிறேன் என்று கிளம்பினார். பறவைகளின் உடம்புக்கும் இறக்கைக்கும் உள்ள அளவுகளைப் பார்த்தார். எந்தப் பொருளில் இறக்கை செய்யலாம் என்று யோசித்தார். நீராவியால் பறக்கும் குதிரை ஒன்றையும் திட்டம் போட்டார். 1829-இல் அம்மை வந்து கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கை, அப்புறம் ஊன்றுகோல். படிப்பு மட்டும் நிற்கவில்லை.

1833 ஜூன் மாதம் ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். அவருக்கு 17, பாபேஜுக்கு 41. அடுத்த சில நாட்களில் தாயும் மகளும் பாபேஜ் வீட்டுக்குப் போய் டிஃபரன்ஸ் எஞ்சினின் ஒரு பகுதியைப் பார்த்தார்கள். பற்சக்கரங்களால் கணித அட்டவணைகளைப் போடும் கருவி அது. வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போன இடத்தில், இந்தப் பெண் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு தாயோடு தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனபோது ஜக்கார்டு தறியைக் கண்டார். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியின் தலைமேல் துளை போட்ட அட்டைகள் கோத்துத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த இழை மேலே போகணும், எது கீழே நிற்கணும் என்று அட்டையின் துளைதான் சொல்லும். அட்டை மாறினால் பூ மாறும், தறி அதேதான். பாபேஜ் திட்டமிட்ட அடுத்த இயந்திரமான அனலிட்டிகல் எஞ்சினும் இதே அட்டையால்தான் ஓட வேண்டும்.

1835-இல் வில்லியம் கிங் என்பவரை மணந்தார். 1838-இல் அவர் லவ்லேஸ் பிரபுவானார், இவர் சீமாட்டியானார். நாலு வருஷத்துக்குள் மூன்று குழந்தைகள். அதற்கு அப்புறமும் டி மார்கன் என்ற கணிதப் பேராசிரியரிடம் தபால் மூலம் கால்குலஸ் படித்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1840-இல் பாபேஜ் இத்தாலியின் டூரின் நகருக்குப் போய்த் தன் எஞ்சினைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட மெனபிரியா என்ற இளம் பொறியாளர் 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். (இவர் பிற்காலத்தில் இத்தாலியின் பிரதமராகவே ஆனார்!) அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலை ஏடாவிடம் வந்தது. முடித்துக் காட்டியபோது, நீங்களே சொந்தமாக எழுதியிருக்கலாமே, குறைந்தது குறிப்புகளாவது சேருங்கள் என்றார் பாபேஜ். சேர்த்தார். ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள். கட்டுரையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்! 1843-இல் லண்டனில் வெளியானபோது பெயர் கூட இல்லை, அடியில் முதலெழுத்துகள் மட்டும்.

அந்த வருஷம் கோடைக்காலம் முழுவதும் இரண்டு வீடுகளுக்கும் நடுவே கடிதங்கள் பறந்தன. பெர்னூலி எண்களுக்கான இயற்கணிதத்தைச் சிரமம் வேண்டாமே என்று பாபேஜ் போட்டு அனுப்பினார். அதில் பெரிய தப்பு ஒன்றைக் கண்டுபிடித்து ஏடா திருப்பி அனுப்பினார். பென்சிலில் போட்ட அட்டவணையின் மேல் கணவர் உட்கார்ந்து மை தடவிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிரபு மேல் எனக்கு மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான். அட்டவணையின் பெருமையில் பாபேஜுக்கு எவ்வளவு, ஏடாவுக்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எஞ்சினுக்கான கணக்கு வரிசைகளைப் பாபேஜ் அதற்கு முன்பே எழுதிப் பார்த்திருந்தார் என்பது உண்மை. ஆனால் வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி விளக்கி அச்சுக்குக் கொண்டு வந்தது இந்த அம்மையார்தான்.

அந்த அட்டவணையின் தலைப்புகளைப் பாருங்கள். எத்தனையாவது செயல். என்ன செயல், கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா. எந்தெந்த மாறிகளை எடுக்கிறது. விடை எந்த மாறியில் போய் உட்காருகிறது. இந்தச் செயலால் எந்த மாறியின் மதிப்பு மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது. கடைசியில், கிடைத்த விடை இன்னது. எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு தலைப்பின் மேலும் விரலை வைத்து, உன் மெட்டீரியல் டூலில் இது எங்கே, இது எங்கே என்று கேட்டுக்கொண்டே போனார். என்ன வாங்குகிறது என்பது மட்டும் பாதி இருந்தது. என்ன தருகிறது என்பது இல்லை. ஏற்கெனவே இருக்கும் மெட்டீரியலை இது அழித்துவிடுமா என்பது இல்லை. மெஷ் டூலுக்கு முன்னால் ஓட்டணுமா, பின்னால் ஓட்டணுமா என்பதும் இல்லை.

நாலாவது வரிசையில் ஒரு சுவாரஸ்யம். அங்கே 2n−1 என்பதை 2n+1-ஆல் வகுக்கணும். n என்பது 4, ஆகவே 7-ஐ 9-ஆல். ஆனால் அச்சில் மாறிகள் இடம் மாறிவிட்டன. அட்டையில் அப்படியே துளை போட்டிருந்தால் எஞ்சின் 9-ஐ 7-ஆல் வகுத்திருக்கும், கேள்வியே கேட்டிருக்காது. தப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதே வரிசையில் விடை என்னவாக இருக்கணும் என்று தனியாக ஒரு கட்டத்தில் சரியாக எழுதியிருக்கிறதே! இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று படிப்பவனுக்குத் தெரிந்துவிடும். எங்கள் டூலிலும் விடையின் அலகும், சாதாரணமாக எந்த அளவில் வரும் என்பதும் எழுதியிருந்தால் ஏஜெண்டே முழித்திருக்குமோ என்னவோ.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுக் கட்டுரையில் நேர்வு என்ற பொருள் தரும் சொல்லில் ஒரே ஒரு எழுத்து மாறி கொசைன் என்று அச்சாகியிருந்தது. ஏடா அம்மையார் அதையும் கொசைன் என்றே மொழிபெயர்த்து வைத்துவிட்டார்! அவரே எழுத்தை நம்பி வழுக்கினார் என்றால் பாவம், எங்கள் ஏஜெண்ட் எம்மாத்திரம்?

ஆனால் என்னை அதிகம் பாதித்தது அவர் எழுதிய இல்லைகள்தான். பாபேஜுக்கு அப்போது பணம் தேவை. டிஃபரன்ஸ் எஞ்சினுக்கு 17,000 பவுனுக்கு மேல் செலவழித்த அரசாங்கம் 1842-இல் கையை விரித்துவிட்டது. இந்த நேரத்தில் எஞ்சின் அதைச் செய்யும், இதைச் செய்யும் என்று கொட்டி எழுதினால் யாராவது பணம் தரக்கூடும். ஏடா அப்படிச் செய்யவில்லை. எண்ணுக்குப் பதிலாக வேறு பொருள்களின் உறவுகளையும், சங்கீதத்தைக்கூட, இந்த எஞ்சின் கையாள முடியும் என்று அவர்தான் துணிந்து சொன்னார். அதே கையால், இது தானாக எதையும் தோற்றுவிக்காது, நமக்கு ஆணையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றும் எழுதினார். புதுப்பொருளை முதலில் தலையில் தூக்கி வைப்பதும் பிறகு அளவுக்கு மேல் மட்டம் தட்டுவதும் மனித இயல்பு என்று எச்சரித்தார். 1950-இல் ஆலன் டூரிங் இந்தக் கருத்தை எடுத்துப் பேர் சொல்லி மறுத்து எழுதினார். மறுக்கிறவர் நூறு வருஷத்துக்குப் பிறகும் பிடித்து மறுக்கும் அளவுக்கு அவர் தெளிவாக எழுதியிருந்தார்.

அரசாங்கத்தைத் திட்டிப் பெயரில்லாமல் ஒரு முன்னுரையை ஏடாவின் குறிப்புகளோடு ஒட்ட வேண்டும் என்று பாபேஜ் பிடிவாதம் பிடித்ததும் அப்போதுதான். ஏடா முடியாது என்றார். அப்படியானால் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொள் என்றார் பாபேஜ். அதற்கும் முடியாது என்றார். குருவுக்குச் சமமான மனிதரிடம்! அச்சானதும், எஞ்சினின் வெளிவேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கட்டுங்கள் என்று நிபந்தனைகளோடு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பாபேஜ் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை ஆறி நட்பு நின்றது, எஞ்சின் எழவில்லை.

எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று 1864-இல் பாபேஜ் தன் நினைவு நூலில் எழுதிய ஒரு காட்சியை எங்கள் ஆசிரியர் சொன்னார். கணக்கின் நடுவே ஒரு எண்ணின் லாகரிதம் வேண்டுமானால் எஞ்சின் மணி அடித்து நின்றுவிடும். எந்த எண்ணுக்கு வேண்டும் என்று காட்டும். உதவியாள் பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்துச் செருக வேண்டும். தப்பான அட்டையைச் செருகினால் எஞ்சின் கண்டுபிடித்து இன்னும் பலமாக மணி அடிக்கும், தப்பு இன்னது என்று ஒரு தகட்டில் காட்டும். எங்கள் சால்வரோ தப்பான எண்ணுக்கு ஒரு முனகல்கூட முனகவில்லை.

ஏடாவின் கடைசி வருஷங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மனசு கஷ்டப்படுகிற பகுதி. 1843-க்குப் பிறகு அதைப் போன்ற வேலை எதுவும் அவர் கையிலிருந்து வெளிவரவில்லை. உடம்பு ஓயாமல் படுத்தியது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டிக் கடனில் விழுந்தார். குடும்பத்து வைர நகைகளை அடகு வைத்தார், தாய் மீட்டுக் கொடுத்தார், மறுபடியும் வைத்தார். கணக்கில் அத்தனை நிதானமான கை இதில் ஏன் வழுக்கியது என்று நாங்கள் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி விவாதித்தோம், முடிவுக்கு வரவில்லை. கர்ப்பப்பைப் புற்றுநோயால் நெடுநாள் வேதனைப்பட்டு 1852 நவம்பர் 27-ஆம் தேதி இறந்தார். வயது 36. அவர் தந்தை இறந்ததும் 36-இல்தான். நாட்டிங்ஹாம்ஷயரில் ஹக்னல் என்ற ஊர் தேவாலயத்தில், முகமே நினைவில்லாத அந்தத் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள்.

பாபேஜ் 1871-இல் மறைந்தார். கம்ப்யூட்டர்கள் உண்மையாகவே வந்த பிறகு, 1953-இல் ஏடாவின் குறிப்புகளை மறுபடி அச்சிட்டார்கள். 1979-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் புதிய புரோகிராமிங் மொழிக்கு ஏடா என்று பெயர் வைத்தது. அதன் தரக்குறியீட்டு எண் 1815, அவர் பிறந்த வருஷம். அந்த மொழியில் மீட்டரை ஒரு வகை, மி.மீட்டரை வேறு வகை என்று அறிவித்துவிட்டால் இரண்டையும் கலந்து கூட்டவே கம்பைலர் விடாது. இதைக் கேட்டபோது எங்களில் ஒருத்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நாங்கள் எல்லா டூல் விளக்கங்களையும் திரும்ப எழுதினோம். கோடில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. மெட்டீரியல் டூலில் இப்போது இப்படி இருக்கிறது: யங் மாடுலஸ் மெகா பாஸ்கலில் மட்டும், ஸ்டீலுக்கு ஏறக்குறைய 2,00,000. பாஸ்கலில் தெரிந்தால் பத்து லட்சத்தால் வகுத்துக் கொடுக்கவும். அதே பெயரில் மெட்டீரியல் இருந்தால் பழையது அழியும். சால்வ் டூலில் இல்லைகளையும் எழுதினோம். நேர்கோட்டு நிலையியல் கணக்கு மட்டுமே. ஸ்ட்ரெஸ் ஈல்டைத் தாண்டியதா என்று பார்க்காது. பக்லிங் பார்க்காது. வளைவு நீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் விடையை நம்ப வேண்டாம். ரன் என்று மொட்டையாக வைத்திருந்த பெயரையும் மாற்றினோம். பெயருக்கே ஒரு நாள் முழுக்கச் சண்டை.

அடுத்த ரிவ்யூவில் அதே பட்டை, அதே 500 நியூட்டன். 7.81 மி.மீ. என்று வந்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் ஸ்ட்ரெஸ்ஸையும் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜூனியர்ஸ் கவனத்துக்கு: எல்லாம் துறை லேபில், சன்னலோரத்து கம்ப்யூட்டரில் இருக்கிறது. விளக்கங்கள் தனி ஃபோல்டரில். மெஷ் டூலின் விளக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை. எலிமெண்ட் அளவு பட்டையின் கனத்தைவிடப் பெரிதாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் எழுதவில்லை. எடுத்துச் செய்ய விரும்புகிறவர்கள் எங்களில் யாரையாவது ஏப்ரலுக்குள் வந்து பாருங்கள்.